தேரும் தெப்பமும் கோலிக்குண்டும்: இயக்கத்தையும் விசையையும் செய்து பார்த்துப் படிக்க ஒரு வழிகாட்டி

ஆறாம், ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ என்று ஒரு பாடம் உண்டு. அதிலுள்ள வரையறைகளை உருப்போட ஒரு சாயங்காலம் போதும். ஆனால் “உருண்டு போன பந்து ஏன் நின்றது?” என்று கேட்டால், நன்றாக மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் “தள்ளின விசை தீர்ந்துபோச்சு” என்றுதான் சொல்லும். விசை என்ன, வண்டியில் ஊற்றிய பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? இந்த ஒரு தப்பு மனதிலிருந்து போய்விட்டால் எட்டாம் வகுப்பு வரை சிரமம் இல்லை. அதைப் போக்கும் வரிசையில்தான் கீழே உள்ள வேலைகள் இருக்கின்றன. முதலில் அளக்கப் பழகுங்கள், விதிகள் பிறகு வரட்டும்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: அளவு நாடா, 30 செ.மீ. ஸ்கேல், சாக்பீஸ், ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன், ரப்பர் பேண்ட், நூல், பலூன், ஸ்ட்ரா, கோலிக்குண்டு இரண்டு, மூடியுள்ள டிபன் பாக்ஸ். எலெக்ட்ரிக்கல் கடையில் வயர் மறைக்கச் சுவரில் அடிக்கும் ‘கேசிங்’ பட்டை விற்கும். ஒரு அங்குல அகலத்தில் ஒன்று வாங்கி, மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கேரம் போர்டு கிடைத்தால் நல்லது.

தொலைவும் இடப்பெயர்ச்சியும்: தெப்பக்குளத்தில்

முதலில் உங்கள் காலடியை அளவுகோலாக்குங்கள். தெருவில் 10 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, வழக்கமாக நடப்பதுபோல் நடந்து அடிகளை எண்ணுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். 16 அடி வந்தால் ஒரு அடி 62.5 செ.மீ. எண்ணுகிறோம் என்ற நினைப்பிலேயே கால் நீண்டுவிடும். முதல் தடவை மட்டும் எண்ணிக்கை குறைவாக வந்தால் அதைத் தள்ளிவிடுங்கள்.

இனி மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போங்கள். குளம் ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர். உங்கள் அடி 62.5 செ.மீ. என்றால் நீளமான கரை 488 அடியும் மற்றது 464 அடியும் வர வேண்டும். கூடுதலாக வந்தால் எண்ணிக்கையில் தப்பு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சுவரை ஒட்டாமல் 5 மீட்டர் தள்ளி நடந்தால் ஒவ்வொரு பக்கமும் 10 மீட்டர் கூடும், முழுச் சுற்றில் 40 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

தென்மேற்கு மூலையிலிருந்து கரையோடு நடந்து வடகிழக்கு மூலைக்குப் போனால் நடந்த தொலைவு 305 + 290 = 595 மீட்டர். கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேர்கோட்டில் 421 மீட்டர்தான். இந்த நேர்கோட்டு அளவுதான் இடப்பெயர்ச்சி. கோடு நடுவிலுள்ள மைய மண்டபத்துக்குள் புகுந்து போகும், போகட்டும், அது கணக்குக்கு இடைஞ்சல் இல்லை. இடப்பெயர்ச்சிக்குத் திசையும் சொல்ல வேண்டும்: 421 மீட்டர், வடகிழக்கே. மீதிப் பாதியையும் நடந்து தொடங்கிய மூலைக்கே வந்தால் கால் வலிக்க 1190 மீட்டர் நடந்திருப்பீர்கள், ஆனால் இடப்பெயர்ச்சி சுழி.

வேகம்

ஆரப்பாளையத்தில் ஏறினால் திண்டுக்கல் சுமார் 65 கி.மீ. பஸ் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 43 கி.மீ. வழியில் டிரைவருக்கு முன்னால் உள்ள முள் 70-ஐக் காட்டியிருக்கும், நிறுத்தத்தில் சுழிக்கும் வந்திருக்கும். சராசரி இதையெல்லாம் மறைத்துவிடும்.

மணிக்கு கி.மீ. கணக்கை வினாடிக்கு மீட்டராக மாற்ற 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுங்கள். மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்குச் சரியாக 10 மீட்டர். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றதை மனக்கணக்கில் பிடித்துவிடலாம்.

ஓடும் வண்டியின் வேகத்தை மாடியில் நின்றே அளக்கலாம். (சாலையோரம் வேண்டாம். கவனம் முழுக்க போனில் இருக்கும்.) தெருவில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை முன்பே அளந்து வைத்து, வண்டியின் முன்சக்கரம் ஒவ்வொரு கம்பத்தையும் தாண்டும்போது பொத்தானை அழுத்துங்கள். தூரம் 20 மீட்டர் என்றால் 36 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 2 வினாடியில் கடந்துவிடும். விரல் 0.2 வினாடி பிசகினால் பத்தில் ஒரு பங்கு தப்பு. அதே வண்டியை 50 மீட்டருக்கு அளந்தால் 5 வினாடி ஆகும், தப்பு 25-இல் ஒரு பங்காகக் குறையும். தூரத்தைக் கூட்டுவதுதான் இதற்கு மலிவான வைத்தியம். இன்னொன்று, தொடங்குவதையும் நிறுத்துவதையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். அப்போது இரண்டு முறையும் விரல் ஏறக்குறைய ஒரே அளவு தாமதிக்கும், ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

விரலின் தாமதத்தையும் அளந்துவிடலாம். நண்பர் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகத் தொங்கப் பிடிக்கட்டும். சுழிக் குறிக்கு நேரே உங்கள் விரல்களைத் திறந்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். 10 செ.மீ.-இல் பிடித்தால் தாமதம் 0.14 வினாடி, 15 என்றால் 0.175, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். 5 செ.மீ.-இல் பிடித்துவிட்டதாக யாராவது பீற்றிக்கொண்டால், ஸ்கேலைப் பார்க்காமல் விடுபவரின் கையைப் பார்த்து ஊகித்திருக்கிறார் என்று அர்த்தம்.

வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம். மாசி வீதியில் ஆட்டோ ஒரே 20 கி.மீ. வேகத்தில் ஓடிக் கிழக்கிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பினால் வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறிவிட்டது. திரும்பும்போது ஆட்டோவுக்குள் நீங்கள் ஒரு பக்கம் சாய்வதை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

முடுக்கம்: கோலிக்குண்டு வேலை

இதில் அவசரம் கூடாது. திசைவேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். நின்றிருந்த ஆட்டோ 8 வினாடியில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தை எட்டினால், வினாடிக்கு வினாடி 1.25 மீட்டர் ஏறியிருக்கிறது. முடுக்கம் 1.25 மீ/வி². ‘வினாடியின் வர்க்கம்’ எங்கிருந்து வந்தது என்று மலைக்க வேண்டாம், ‘வினாடிக்கு வினாடி’ என்பதைச் சுருக்கி எழுதியதுதான் அது.

1. கேசிங் பட்டையில் 150 செ.மீ. நீளத்தை நேரான பலகை அல்லது பெஞ்சின் மேல் வையுங்கள். வெறுமனே இரண்டு முனையில் தாங்கினால் நடுவில் தொய்யும், கணக்கு கெடும்.
2. பலகையின் ஒரு முனையை நோட்டுப் புத்தகம் வைத்து 3 செ.மீ. உயர்த்துங்கள். அதற்கு மேல் போனால் கோலி நம் விரலுக்கு எட்டாத வேகத்தில் ஓடிவிடும்.
3. மேல்முனை அருகே தொடக்கக் கோடு. அங்கிருந்து 30 செ.மீ.-இல் ஒரு கோடு, 120 செ.மீ.-இல் இன்னொன்று.
4. தொடக்கக் கோட்டில் ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் கோலியைத் தடுங்கள். விடும்போது ஸ்கேலை மேலே தூக்குங்கள். விரலால் விட்டால் தெரியாமல் ஒரு தள்ளு விழும்.
5. 30 செ.மீ. வரை ஆகும் நேரத்தை ஐந்து தடவையும், 120 செ.மீ. வரை ஆகும் நேரத்தை ஐந்து தடவையும் அளந்து சராசரி எடுங்கள்.

முதலாவது ஏறக்குறைய 2 வினாடியும் இரண்டாவது 4 வினாடியும் வரும். உங்களுக்கு 2.2-உம் 4.4-உம் வந்தாலும் குற்றமில்லை. நேரம் இரண்டு மடங்கானபோது தூரம் நான்கு மடங்கானதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் 2 வினாடியில் 30 செ.மீ., அடுத்த 2 வினாடியில் 90 செ.மீ. ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் அடுத்ததும் 30 ஆகத்தானே இருந்திருக்கும்? சராசரி வேகம் வினாடிக்கு 15 செ.மீ.-இலிருந்து 45-ஆக ஏறியிருக்கிறது. 2 வினாடியில் 30 ஏற்றம், ஆகவே முடுக்கம் 15 செ.மீ./வி². சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் கலிலியோ இதே சரிவு வேலையைச் செய்தபோது ஸ்டாப்வாட்ச் கிடையாது. பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார்.

120 செ.மீ.-க்கான நேரம் இரண்டு மடங்காக வராமல் இரண்டேகால், இரண்டரை என்று கூடி வந்தால் கோலி பட்டையின் பக்கச் சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். பலகை இடமோ வலமோ சாய்ந்திருக்கும்.

வரைபடத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் தூரத்தைச் செங்குத்தாகவும் வைத்து 60, 90 செ.மீ. புள்ளிகளையும் சேர்த்துக் குறியுங்கள். கோடு மேல்நோக்கி வளையும். சீரான வேகத்தில் நடந்தவருக்கு வரைந்தால் நேர்கோடு வரும். புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்து இணைக்காதீர்கள், கையால் சீராக வளைத்து வரையுங்கள்.

பந்து ஏன் நிற்கிறது: முதல் விதி

அதே சரிவை அப்படியே வைத்துக்கொண்டு, கோலி இறங்கி ஓடும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரே கோட்டிலிருந்து விட்டு, விரித்த சாக்கின் மேல், சிமெண்ட் தரையில், டைல்ஸ் தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு முன் தரையைச் சோதியுங்கள். கோலியைச் சும்மா வைத்தாலே உருண்டால் தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வாட்டத்துக்குக் குறுக்கே ஓடும்படி சரிவைத் திருப்புங்கள்.

மூன்று இடத்திலும் கோலி ஒரே வேகத்தில்தான் இறங்கியது. சாக்கில் சீக்கிரம் நிற்கிறது, டைல்ஸில் வெகுதூரம் ஓடுகிறது. ‘உள்ளே இருந்த விசை’ தீர்ந்துதான் நிற்கிறது என்றால் மூன்றிலும் ஒரே தூரத்தில் அல்லவா நின்றிருக்க வேண்டும்? நிறுத்தியது தரை. தரையின் தடை குறையக் குறைய ஓட்டம் நீள்கிறது. தடையே இல்லாவிட்டால் நிற்பதற்குக் காரணமே இருக்காது. ஓடுவதற்கு விசை வேண்டாம், ஓட்டத்தை மாற்றத்தான் விசை வேண்டும். கூட்ட, குறைக்க, திருப்ப, எதற்கானாலும் சரி. நியூட்டனின் முதல் விதி இவ்வளவுதான். கேரம் போர்டில் பவுடர் போடும் முன்னும் பின்னும் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிப் பார்த்தாலும் இதே பாடம் கிடைக்கும்.

இருக்கும் நிலையை மாற்ற ஒத்துக்கொள்ளாத குணத்துக்கு நிலைமம் என்று பெயர். கேரம் காய்களை எட்டு அடுக்கி, அடியில் உள்ள காயை ஸ்ட்ரைக்கரால் வேகமாக அடியுங்கள். அடிக்காய் மட்டும் பறக்கும், மேலே உள்ளவை அப்படியே இறங்கி உட்காரும். மெதுவாகத் தள்ளினால் அடுக்கு முழுதும் கூடவே வரும். வேகமாக அடிக்கும்போது மேல்காயை இழுக்க உராய்வுக்கு நேரம் கிடைப்பதில்லை. டம்ளர் மேல் அட்டையும் அட்டை மேல் நாணயமும் வைத்துச் சுண்டும் வித்தை சிலருக்குச் சரியாக வராததும் இதனால்தான், அவர்கள் அட்டையைச் சுண்டாமல் இழுக்கிறார்கள்.

பஸ் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம். “முன்னால் ஒரு விசை தள்ளியது” என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். யாரும் தள்ளவில்லை. பஸ்ஸின் தளம் பாதத்தை நிறுத்தியது, உடம்பு பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. மாசி வீதித் திருப்பத்தில் ஆட்டோவுக்குள் சாய்ந்ததும் அப்படித்தான்: ஆட்டோ திரும்பியது, உடம்பு நேரே போகப் பார்த்தது.

நிலைமத்தைக் கண்ணால் பார்க்கத் தைப்பூசத் தெப்பத்துக்குப் போக வேண்டும். கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். மிதக்கும் பொருளுக்குத் தரையின் பிடிப்பு இல்லை, தண்ணீரின் தடையும் அசையாமல் நிற்கும்போது கிடையாது, வேகம் ஏற ஏறத்தான் கூடும். ஆகவே சின்ன இழுப்புக்கும் தெப்பம் இசைந்து கொடுக்கும். ஆனால் மெல்ல மெல்லத்தான் வேகம் எடுக்கும், இழுப்பதை விட்டாலும் உடனே நிற்காது. சித்திரைத் தேர் இதற்கு நேர்மாறு. அதைப் புரிந்துகொள்ள விசையை அளக்கத் தெரிய வேண்டும்.

விசையை அளக்க ஒரு ரப்பர் பேண்ட்

கடைகளில் விற்கும் சுருள்வில் தராசு இருந்தால் இந்த வேலை மிச்சம். இல்லாவிட்டால், தடித்த ரப்பர் பேண்டை ஆணியில் மாட்டி, அதன் கீழ்முனையில் சின்ன கேரி பேக்கைத் தொங்கவிடுங்கள். பின்னால் ஒரு அட்டை. பைக்குள் ஒரு காலி பாட்டில். அதில் 100 மி.லி. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ரப்பர் இறங்கும் இடத்தை அட்டையில் குறியுங்கள். 100 மி.லி. தண்ணீரின் நிறை 100 கிராம், பூமி அதை இழுக்கும் விசை ஏறக்குறைய 1 நியூட்டன். 500 மி.லி. வரை போனால் ஐந்து கோடு கிடைக்கும்.

கோடுகள் சம இடைவெளியில் இருக்காது. ரப்பரின் குணமே அப்படி, நடுவில் நீங்களாகச் சமமாகப் பிரித்துக் கோடு போடாதீர்கள். புது ரப்பரை நாலைந்து தடவை நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு குறியுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் கோடு மாறியிருக்கும்.

நிறைக்கும் எடைக்கும் உள்ள குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் “ஒரு கிலோ மல்லிகை எடை போடுங்க” என்பது வியாபாரப் பேச்சு. அறிவியலில் ஒரு கிலோ என்பது நிறை, எங்கே போனாலும் மாறாது. எடை என்பது அதைப் பூமி இழுக்கும் விசை, அலகு நியூட்டன். பாடநூலில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று இருக்கும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே 9.78, துருவத்தில் 9.83. அதே பூவை நிலாவுக்கு எடுத்துப்போனால் நிறை ஒரு கிலோவேதான், எடை மட்டும் ஆறில் ஒரு பங்காகிவிடும்.

உராய்வும் தேரும்

டிபன் பாக்ஸில் அரை கிலோ அரிசி போட்டு மூடி, ரப்பர் தராசை அதன் கைப்பிடியில் கட்டி, தரையோடு கிடையாக இழுங்கள். மிக மெதுவாக இழுத்து, பாக்ஸ் அசையும் கணத்தில் ரப்பர் எவ்வளவு நீண்டிருந்தது என்று ஒருவர் பார்க்கட்டும். பிறகு சீரான வேகத்தில் நகரும்போது பாருங்கள். நகரும்போது குறைவாக இருக்கும். அசைப்பதற்கு வேண்டிய விசை, அசைந்ததை நடத்த வேண்டிய விசையைவிடப் பெரிது. முதலாவது ஓய்வுநிலை உராய்வு, இரண்டாவது இயக்கநிலை உராய்வு. ரப்பரை மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் பாக்ஸைப் பாதி தூக்கிக்கொண்டிருப்பீர்கள், அளவு குறைத்துக் காட்டும்.

அடுத்து அரிசியைக் கூட்டுங்கள். அரிசியும் பாக்ஸும் சேர்ந்த மொத்த நிறை இரண்டு மடங்கானால் உராய்வும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பாக்ஸைப் பக்கவாட்டில் கவிழ்த்து இழுங்கள். தொடும் பரப்பு மாறினாலும் உராய்வு பெரிதாக மாறாது, நம்பச் சிரமமாக இருந்தால் மறுபடி செய்யுங்கள். கடைசியாக அடியில் நாலு உருட்டுப் பென்சிலை வரிசையாக வைத்து இழுங்கள். ரப்பர் நீள்வதே தெரியாது. சக்கரத்தின் பெருமை அதுதான்.

இப்போது கீழமாசி வீதித் தேர்முட்டிக்கு வாருங்கள். அத்தனை பேர் வடம் பிடித்தும் தேர் முதல் இழுப்புக்கு அசைவதில்லை. அச்சில் ஓய்வுநிலை உராய்வு, சக்கரம் நின்ற இடத்தில் அழுந்திய சிறு பள்ளம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆளுக்கொரு நேரத்தில் இழுப்பது. நூறு பேர் ஒருவர் பின் ஒருவராக இழுத்தால் எந்தக் கணத்திலும் கொஞ்சம் பேரின் விசைதான் சேரும். ஒரே குரல் கொடுத்து ஒரே கணத்தில் இழுப்பது பக்தியோடு கணக்கும்தான். அசைந்த பிறகு இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் பாடு. அவ்வளவு நிறையை வடத்தால் நிறுத்த முடியாது, வடம் இழுக்குமே தவிரத் தள்ளாது. அதனால்தான் சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டை போடுகிறார்கள். வீதி முனையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் திரும்பும்.

இரண்டாம் விதி, சுருக்கமாக

விசை = நிறை × முடுக்கம். இங்கே விசை என்பது எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்த மிச்சம். காய்கறியோடு 100 கிலோ நிறையுள்ள தள்ளுவண்டியை 80 நியூட்டனில் தள்ளுகிறீர்கள், உராய்வு 30 நியூட்டன் எதிர்க்கிறது. மிச்சம் 50, முடுக்கம் 0.5 மீ/வி². 80-ஐ அப்படியே 100-ஆல் வகுத்து 0.8 என்று எழுதுவதுதான் வழக்கமான தப்பு. வண்டி சீராக ஓடத் தொடங்கிவிட்டால் 30 நியூட்டன் தள்ளினால் போதும், மிச்சம் சுழி, வேகம் மாறாது. ‘சமன் செய்யப்பட்ட விசைகள்’ என்று புத்தகம் சொல்வது இதைத்தான். விசைகள் சமமானால் பொருள் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை.

மூன்றாம் விதி: தேர் நம்மை இழுக்காதா?

இரண்டு ஜன்னலுக்கு நடுவே நூலை ஸ்ட்ராவுக்குள் கோத்து விறைப்பாகக் கட்டுங்கள். ஊதிய பலூனின் வாயை விரலால் பிடித்துக்கொண்டு, வாய் பின்பக்கம் நூலுக்கு இணையாக இருக்கும்படி ஸ்ட்ராவோடு செல்லோடேப் ஒட்டி விடுங்கள். காற்று பின்னே, பலூன் முன்னே. பாதியில் நின்றால் நூல் தொய்ந்திருக்கிறது, சுழன்றால் வாய் கோணலாக ஒட்டியிருக்கிறது.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால், நாம் தேரை இழுக்கும் அளவுக்குத் தேரும் நம்மை இழுக்கிறது. அப்படியிருக்க இரண்டும் அடித்துக்கொண்டு தேர் நிற்க வேண்டாமா? சுறுசுறுப்பான பிள்ளை கட்டாயம் கேட்கும் கேள்வி இது. விடை: இரண்டும் ஒரே பொருளின் மேல் செயல்படவில்லை. நம் இழுப்பு தேரின் மேல், தேரின் இழுப்பு நம் மேல். தேர் நகருமா என்று பார்க்கத் தேரின் மேல் உள்ளவற்றை மட்டும் கூட்டுங்கள்: முன்னே வடத்தின் இழுப்பு, பின்னே உராய்வு. முன்னது பெரிதானால் நகரும். நாம் ஏன் பின்னால் போய்த் தேரில் முட்டவில்லை? பாதத்தால் தரையைப் பின்னே தள்ளுகிறோம், தரை நம்மை முன்னே தள்ளுகிறது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள உராய்வு இல்லாவிட்டால் எத்தனை பலசாலியும் வடத்தோடு வழுக்கிக்கொண்டு போவார்.

இதற்குத் திருவிழா வரை காத்திருக்க வேண்டாம். சாக்ஸ் போட்டுக்கொண்டு டைல்ஸ் தரையில் நின்று கட்டிலைத் தள்ளுங்கள். வழுக்கினால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். கட்டில் அசையாது, கால்தான் பின்னே போகும். சாக்ஸைக் கழற்றிவிட்டு, பாதத்தைக் கொஞ்சம் ஈரத்துணியில் துடைத்து உலர்த்தி, அதே தள்ளு தள்ளுங்கள்.